வேலையே செய்யாத மென்பொருள்: ரயிலா, மாடா, மாணிக்கமா?

வேலைக்கு உதவாத வேடிக்கை மென்பொருளில் எது சிறந்தது என்று கேட்டால், என் ஓட்டு ரயிலுக்குத்தான். லினக்ஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான டெர்மினலில், கோப்புகளின் பட்டியலைப் பார்க்க 'எல்எஸ்' (ls) என்று அடிப்போம். அவசரத்தில் விரல் முந்திக்கொண்டு 'எஸ்எல்' (sl) என்று விழுந்துவிட்டால்? ஜப்பானின் டொயோடா மசாஷி எழுதிய எஸ்எல் நிரல் கணினியில் இருந்தால், திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு நீராவி ரயில் வரும். டி51 என்ற ஜப்பானிய இன்ஜின். உடம்பெல்லாம் கோடும் அடைப்புக்குறியும்தான், ஆனால் சக்கரம் சுழலும், புகைபோக்கியிலிருந்து புகை பின்னால் நழுவிப்போகும். கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்காது. முழு ரயிலும் கடந்துபோன பிறகுதான் டெர்மினல் நம் கைக்கு வரும். கூடவே '-ஏ' சேர்த்தால் ரயிலில் இருப்பவர்கள் உதவி கேட்டுக் கத்துவார்கள். '-எஃப்' என்றால் ரயில் பறக்கும்.

ஆப்டிட்யூட் வேறு ரகம். மென்பொருள் நிறுவ உதவும் நிரல் அது, வேடிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், அதே வேலைக்கான ஆப்ட்-கெட் நிரலிடம் 'ஆப்ட்-கெட் மூ' என்று அடித்தால் ஒரு மாடு வந்து, இன்று நீ 'மா' என்று கத்தினாயா என்று கேட்கும். அதையே ஆப்டிட்யூடிடம் கேட்டால், இந்த நிரலில் ஒளித்துவைத்த வேடிக்கை எதுவும் இல்லை என்று சாதிக்கும். '-வி' சேர்த்துக் கேட்டால், உண்மையாகவே இல்லை என்னும். 'வி' கூடக் கூட அதன் பொறுமை குறையும். ஐந்தாவது 'வி'க்குத்தான் இறங்கிவந்து ஒரு படம் காட்டும். ஆறாவதுக்கு விளக்கம்: யானையை விழுங்கிய பாம்பாம்.

அப்புறம், ஐ ஆம் ரிச் ('நான் பணக்காரன்') என்ற செயலி. 2008 ஆகஸ்டில் ஆர்மின் ஹைன்ரிக் ஐபோனுக்கு வெளியிட்டது, விலை 999.99 டாலர். திரையில் ஒரு சிவப்பு மாணிக்கம் ஒளிரும், அவ்வளவுதான். 8 பேர் வாங்கினார்கள், ஆப்பிள் சீக்கிரமே நீக்கிவிட்டது. இதில் வேறு எந்தப் பயனும் இல்லை என்று விவரக்குறிப்பிலேயே சொல்லியிருந்தார், அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் கை தவறி அழுத்தினால் ஆயிரம் டாலர் போகும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆப்டிட்யூடின் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது தேடிப்போகிறவருக்கு மட்டும்தான் கிடைக்கும். எஸ்எல் அப்படியில்லை, பிழை செய்த அந்த நொடியிலேயே வந்து நிற்கிறது. வழக்கமாக அந்த இடத்தில் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று ஒரு வறட்டு வரிதான் கிடைக்கும். அதற்குப் பதில் ஒரு ரயில்! புதிதாக டெர்மினல் பழகும் பிள்ளைகளுக்குத் தப்பு செய்கிற பயமே போய்விடும்.

சரி, எங்கே நிறுவலாம்? டெபியன், உபுண்டு ஆகிய இரண்டு லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியத்திலும் எஸ்எல் இருக்கிறது. சொந்தக் கணினியில் தாராளமாகப் போடுங்கள். அலுவலக சர்வரில் மட்டும் வேண்டாம். நள்ளிரவில் இணையதளம் முடங்கிக் கிடக்கும்போது ரயிலுக்காகக் காத்திருக்க முடியாது.