250 கிராமா, 2 கிலோவா?
பெங்களூரில் கல்யாணப் படம் எடுக்கும் நம் தம்பிகள் முன்னால் இரண்டு ட்ரோன்கள். 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2021 ட்ரோன் விதிகளின்படி நானோவுக்குப் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் தேவையில்லை. மைக்ரோவைத் தொழிலுக்குப் பறக்கவிட்டால் இரண்டும் வேண்டும்.

காற்றில் ஆடாமல் நிற்பது மைக்ரோதான், சரி. ஆனால் குழந்தைகள் தலைக்கு மேல் கனமான பொருள் சுற்றுவதை நான் விரும்பவில்லை, நானோவே போதும்.

எடை குறைவு என்பதால் எங்கும் பறக்கவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அல்சூர், இந்திராநகர் என்றால் எச்ஏஎல் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அரசின் ட்ரோன் வரைபடத்தில் சிவப்பு மண்டலம் என்று காட்டும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதையும் கிளப்பக் கூடாது. பச்சை மண்டலத்தில்கூட அனுமதியின்றி 400 அடி உயரம் வரைதான். டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் முன்பணம் வாங்குங்கள்.