பில்லுக்குப் பணமா, நோய்க்குப் பணமா?

ஹட்டனில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். 2021 இல் ஒரு நாள் என் கட்டிங் மேசையில் இரண்டு காப்புறுதிப் படிவங்கள் கிடந்தன. ஒன்று ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதி. மற்றது கடுநோய்க் காப்புறுதி, ஏஜென்ட்மார் வாயில் 'கிரிட்டிகல் இல்னஸ்'. இரண்டுக்கும் தவணை கட்ட என் கடை வருமானம் இடம் கொடுக்கவில்லை. யோசித்து இரண்டாவதை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

வித்தியாசம் இதுதான். முதலாவது, வார்டில் தங்கிய நாளுக்கோ கட்டிய பில்லுக்கோ பணம் தரும். இரண்டாவது, பொலிசியில் எழுதியுள்ள நோய்களில் ஒன்று, அதில் எழுதியுள்ள அளவுக்கு வந்துவிட்டது என்று வைத்தியர் உறுதி செய்தால், ஒரே தொகையாகக் கையில் கொடுக்கும். பில் கேட்காது. அந்தக் காசில் மருந்து வாங்கினாயா, அரிசி வாங்கினாயா என்றும் கேட்காது.

"பெரியாஸ்பத்திரியில் எல்லாம் சும்மா பார்ப்பார்கள், எதற்கு இந்தச் செலவு?" இந்தக் கேள்வியை நானும் கேட்டவள்தான். என் பெரியம்மா மகளுக்கு நோய் வரும்வரை.

அக்கா மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மார்பில் கட்டி என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். சத்திரசிகிச்சை, கீமோ, அப்புறம் கரண்ட் வைக்கிறது என்று நாம் சொல்கிற கதிர் சிகிச்சை. எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில், இலவசமாக. நன்றாகவும் பார்த்தார்கள், அதை மறைக்கக் கூடாது. அவளிடம் ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதியும் இருந்தது. வார்டில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் இவ்வளவு என்று தரும் வகை. சத்திரசிகிச்சைக்கு நின்ற இரவுகளுக்குப் பணம் வந்தது. கீமோவுக்கோ விடியப் போய் மருந்து ஏற்றிவிட்டு அன்றே வீடு திரும்பினாள். இரவு தங்கவில்லை, அதனால் அந்த நாட்களுக்கு ஒரு சதமும் இல்லை.

அத்தான் ஒரு கொப்பியில் கணக்கு எழுதி வைத்திருந்தார். நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். இடது பக்கத்தில் செலவு: வேன் ஹயர், கண்டியில் சாப்பாடு, வெளியில் எடுத்த ஸ்கான், பார்மசியில் வாங்கிய மருந்து, பால்மா. வலது பக்கத்தில் திகதியும் அதற்கு நேரே இரண்டு வார்த்தையும்: 'பேர் இல்லை'. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. சில திகதிகளுக்கு நேரே 'இரண்டு பேருக்கும் பேர் இல்லை' என்று இருந்தது, துணைக்கு அத்தானும் போன நாட்கள் அவை. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மாறி மாறிக் கண்டி போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பக்கத்தைத் திருப்பத் திருப்ப, இடது பக்கம் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. வலது பக்கம் அடி வரைக்கும் போகிறது.

அந்த வலது பக்கத்துக்கு எந்த ஆஸ்பத்திரியும் பில் போடாது. பில் இல்லாத நட்டத்துக்கு, பில் பார்த்துப் பணம் தரும் காப்புறுதி எதையும் தராது. நான் கடுநோய்க் காப்புறுதிப் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒன்றே போதும். நம் நாட்டில் வைத்தியம் இலவசம் என்பதால் அது தேவையில்லை என்கிறார்கள். எனக்கோ வைத்தியம் இலவசம் என்பதால்தான் அது கூடப் பொருந்துகிறது. வைத்தியத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. அடைந்த கடைக்கும் விழாத பேருக்கும்தான் ஆள் இல்லை.

இந்தக் காப்புறுதி தொடங்கியதும் இதே காரணத்தால்தான். 1967 இல் தென்னாபிரிக்காவில் உலகின் முதல் மனித இதயமாற்றுச் சிகிச்சையைச் செய்த குழுவில் இருந்த மாரியஸ் பர்னார்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர்தான் இதை யோசித்தவர். தன் நோயாளிகள் உயிர் பிழைத்தும் பணத்தால் நொடிந்துபோவதைப் பார்த்து, ஒரு காப்புறுதிக் கம்பனியோடு சேர்ந்து 1983 இல் இதைக் கொண்டுவந்தார். முதலில் நான்குதான்: மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், இதய பைபாஸ். இப்போது பட்டியல்கள் நீளம். ஆனால் பட்டியலின் நீளத்தைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

ஏனென்றால் மிகப் பெரிய தவறான எண்ணம் அங்கேதான் இருக்கிறது. நோயின் பெயர் பட்டியலில் இருந்தால் பணம் வரும் என்று நினைக்கிறோம். பெயர் போதாது, அதற்குக் கீழே இருக்கும் வரைவிலக்கணம் பொருந்த வேண்டும். எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு இதயக் குழாயில் அடைப்பு. கை நரம்பு வழியாக வயர் விட்டு, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். 'இதய நோய்' இருக்கிறதே என்று கிளெய்ம் போட்டார், மறுத்துவிட்டார்கள். அவருடைய பொலிசியில் இருந்தது, நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ். அது ஒன்று. மற்றது மாரடைப்பு. அவருக்கு அடைப்பு இருந்தது, ஆனால் மாரடைப்பு வரமுன்னரே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஈசிஜி மாற்றமும், இதயத் தசை பாதித்தால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியதும் காட்டினால்தான் அவர்களுக்கு அது மாரடைப்பு. அண்ணன் இன்றும் அந்தக் கம்பனியைத் திட்டுகிறார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. படிவத்தில் கையொப்பம் வாங்கிய அன்று யாராவது அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியிருக்க வேண்டும்.

மற்ற நோய்களிலும் இப்படித்தான். புற்றுநோயில், தோன்றிய இடத்தை விட்டுப் பரவத் தொடங்காத ஆரம்ப நிலையைப் பல பொலிசிகள் சேர்ப்பதில்லை. சில ஒரு பகுதிப் பணம் மட்டும் தரும். பக்கவாதம் என்றால் நிரந்தரப் பாதிப்பு இருக்க வேண்டும். வாய் கோணி ஒரு நாளில் சரியாகிவிட்டால் கணக்கில் வராது. சிறுநீரகம் என்றால் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸ் வரை போயிருக்க வேண்டும். அதனால் நான் ஏஜென்ட் தம்பியிடம் பட்டியலைக் கேட்கவில்லை, வரைவிலக்கணம் உள்ள பக்கங்களைக் கேட்டேன். இரண்டு தடவை மறந்துவிட்டேன் என்றார். மூன்றாம் தடவை கொண்டுவந்தார்.

அவரிடம் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்கிறேன். "தம்பி, இந்த நோய்க் காசை எடுத்தா, எனக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வர வேண்டிய காசு குறையுமா?"

கொஞ்சம் தயங்கினார். "குறையும் அக்கா. இது ஆயுள் காப்புறுதிக் காசுக்குள்ளேயே வாறது. குறையாத மாதிரி தனியா சேர்க்கிறதும் இருக்கு, கட்டணம் கொஞ்சம் கூட."

தனியாகச் சேர்ப்பதை எடுத்தேன். கேட்காவிட்டால் சொல்லியிருப்பாரோ, தெரியாது.

காத்திருப்புக் காலம் எல்லாரும் சொல்வதுதான். எடுத்த முதல் சில மாதங்களில் நோய் வந்தால் பணம் இல்லை, 90 நாள் என்பது பரவலான வழக்கம். நோய் உறுதியான பிறகு குறிப்பிட்ட சில நாட்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். சுகர், பிரஷரை மறைத்து எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: கிளெய்ம் போடும்போது கிளினிக் கொப்பியைக் கேட்பார்கள். முதல் பக்கத்தில் முதல் திகதி இருக்கும். அதோடு கதை முடிந்தது.

ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதி வீண் என்று சொல்ல வரவில்லை. டெங்கு, அப்பெண்டிக்ஸ், எலும்பு முறிவு எதற்கும் என் பொலிசி ஒரு சதமும் தராது. தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்பவருக்கு அது கட்டாயம் வேண்டும். 2022 மார்ச்சில் பேராதனை ஆஸ்பத்திரியே மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியபோது, நான் தப்பாக எடுத்துவிட்டேனோ என்று எனக்கே பயம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. ஈபிஎப் என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டுபவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வைத்தியத்துக்கென 30 வீதம் வரை எடுக்கலாம், ஈடிஎப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் இதய சத்திரசிகிச்சைக்கு உதவி உண்டு. என்னைப் போல் சொந்தத் தொழில் செய்து, இவை எதிலும் சேராதவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அதனால் என் முடிவு எல்லாருக்கும் பொருந்தாது.

இன்னொரு குறையும் உண்டு. நான் பொலிசி எடுத்த மறு வருடமே விலைகள் ஏறின. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுவிடும் போல இருந்தது. 2021 இல் பெரிதாகத் தெரிந்த தொகை இப்போது ஒரு வருடம் குடும்பத்தைக் கொண்டுபோகவும் பத்தாது. பில்லுக்குப் பணம் தரும் காப்புறுதியிலும் உச்ச வரம்பு இருப்பதால் அதற்கும் இதே கதைதான். ஆனால் அதை வருடத்துக்கு வருடம் மாற்றலாம், என்னுடையது நீண்ட காலத்துக்குக் கட்டுவது. இந்த ஒரு விஷயத்தில் அதுதான் மேல். தொகையைக் கூட்டக் கேட்டிருக்கிறேன், புதிதாக மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

நான் இதுவரை கிளெய்ம் போட்டதில்லை. அதனால் நேரம் வரும்போது எவ்வளவு நாளில் பணம் தருவார்கள் என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தகராறு வந்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம் என்பதை மட்டும் விசாரித்து, பொலிசிக் கவரின் மேல் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் அக்கா கடைக்கு வந்தாள். முடி நன்றாக வளர்ந்திருக்கிறது. "நான் இனி இதை எடுக்கலாமா?" என்று கேட்டாள். ஏஜென்ட் தம்பிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். கம்பனி பெரும்பாலும் மறுக்கும், எடுத்தாலும் புற்றுநோயை விலக்கித்தான் எடுக்கும் என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மகளுக்கு 19 வயது, கொழும்பில் கடை வேலை. அவளுக்கு எடுப்பதென்று முடிவாகி, அன்றே படிவத்தை என் மேசையில் வைத்து நிரப்பினோம். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கும் கட்டம் வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். எழுது என்றேன். மார்பகப் புற்றுநோய், தாய் என்று எழுதி, நோய் கண்ட வருடத்தையும் பக்கத்தில் போட்டாள்.