மோடத்துடன் பேச மூன்று வழிகள்: ஏடி, கியூஎம்ஐ, எம்பிஐஎம்

லினக்ஸ் கைபேசியில் அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா மூன்றையும் ஓடவைக்கும் வேலையில் இறங்குபவர், மோடத்துடன் எந்த நெறிமுறையில் பேசுவது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். செல்கோபுரத்துடன் பேசுவது மோடத்துக்குள் இருக்கும் மூடிய மென்பொருளின் வேலை. அதைத் திறந்த மூலத்தில் எழுதிவிட முடியும் என்று 2010-இல் தொடங்கிய ஆஸ்மோகாம்பிபி திட்டம் காட்டியது உண்மைதான். ஆனால் அது கலிப்சோ சில்லு கொண்ட பழைய ஜிஎஸ்எம் (2ஜி) போன்களுக்கானது. எல்டிஇ (4ஜி) மோடத்தை வைத்திருக்கும் நமக்கு வாசல்வரைதான் அனுமதி. அந்த வாசலில் புழங்கும் நெறிமுறைகள் மூன்று. மூன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றின் மீதும் எனக்குக் கோபம் உண்டு, அளவுதான் வேறு.

ஒப்பிடும்போது பலரும் வேகத்தைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது வேறு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எந்த மோடத்துக்கும் எளிது. நாம் கேட்காமலே அழைப்பு வரும், சிக்னல் அறும், சிம் கழன்றுபோகும். அப்போது நெறிமுறை நடந்துகொள்ளும் விதம்தான் எனக்கு அளவுகோல்.

வயதில் மூத்தது ஏடி. 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் கட்டளை வடிவம் இது. பின்னாளில் கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 27.007 ஆவணத்தில் கைபேசிகளுக்கென்று விரிவடைந்தது. இதன் பெரிய பலம், எல்லாவற்றையும் கண்ணால் படிக்க முடிவது. டெர்மினலைத் திறந்து 'ஏடி+சிஎஸ்கியூ' என்று தட்டினால் '18,99' என்று பதில் வரும். 18-ஐ இரண்டால் பெருக்கி 113-ஐக் கழித்தால் சிக்னல் வலிமை மைனஸ் 77 டிபிஎம். பின்னால் நிற்கும் 99, பிழை விகிதம் மோடத்துக்கே தெரியவில்லை என்பதன் அடையாளம். நூலகம் வேண்டாம், மொழிபெயர்ப்பு நிரல் வேண்டாம். புதிய பலகை எது மேசைக்கு வந்தாலும் நான் முதலில் திறப்பது இந்தப் போர்ட்டைத்தான்.

கையால் தட்டும்வரை சுகம். நிரல் எழுத உட்கார்ந்தால்தான் தலைவலி தொடங்கும். கட்டளைக்கான பதிலும் தானாக வரும் அறிவிப்பும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தோட்டமாக வந்து சேரும். சிக்னல் அளவைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது அழைத்தால், எதிர்பார்த்த பதிலுக்கு முன்னால் 'ரிங்' என்ற வரி வந்து நிற்கும். எந்த வரி யாருக்குரியது என்று பிரித்தறிய ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் தனிக் கட்டளைகள் இருப்பதால் அந்தப் பட்டியல் ஒருநாளும் முடியாது. ஒற்றை சீரியல் கம்பியைப் பல வாய்க்கால்களாகப் பிரிக்க 27.010 என்ற ஏற்பாடு இருக்கிறது, லினக்ஸ் கர்னலும் அதை ஆதரிக்கிறது. நெரிசல் குறையும், குழப்பம் தீராது.

குறுஞ்செய்தியில் ஏடியின் வயது இன்னும் பளிச்சென்று தெரியும். எளிய உரை முறை என்று ஒன்று உண்டு. அதை நம்பி எதையும் கட்டாதீர்கள். செய்தியை மூல வடிவிலேயே கொடுக்கும் பிடியூ முறையில் பைட்டுகளை நாமே அடுக்க வேண்டும். பெறுநர் எண் 12345 என்றால் இலக்கங்களை இரண்டிரண்டாக இடம் மாற்றி '21 43 எஃப்5' என்று எழுத வேண்டும். ஒற்றைப்படையாக மிஞ்சும் 5-க்குத் துணை நிற்பது அந்த எஃப். செய்தியின் உடலுக்கு 140 பைட்டுதான் இடம். ஏழு பிட் எழுத்துகளானால் அதில் 160 அடங்கும். தமிழுக்கு எழுத்துக்கு இரண்டு பைட்டு எடுக்கும் யுசிஎஸ்-2 குறியாக்கம் வேண்டும், அதில் 70-தான். அந்த எழுபதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும்: 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, மோடத்துக்கு ஏழு. இரண்டு செய்திகளாக உடைந்தால் ஒட்டுவதற்கான தலைப்பு இடம் பிடித்துக்கொள்ள, துண்டுக்கு 67 மிஞ்சும். ஏடியில் டேட்டா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. *99# என்று 'டயல்' செய்து பிபிபி இணைப்பு எடுக்கும் பழைய முறை எல்டிஇ வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

கியூஎம்ஐ, குவால்காம் தன் சில்லுகளுக்காக வகுத்த இரும நெறிமுறை. செய்தி எந்தச் சேவைக்கு, எந்த நிரலிடமிருந்து, எத்தனையாவது பரிமாற்றம் என்பதெல்லாம் தலைப்பிலேயே இருக்கும். உள்ளே வகை, நீளம், மதிப்பு என்ற ஒழுங்கில் தரவு. இது பதில், இது அறிவிப்பு என்று செய்தியே அடையாளம் சொல்லிவிடுவதால் ஏடியில் பட்ட பாடு இங்கே இல்லை. வலையமைப்பு, டேட்டா, குறுஞ்செய்தி, சிம், குரல் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சேவைகள். யூஎஸ்பி மோடம்களுக்கான இயக்கி 2012 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. மோடமும் செயலியும் ஒரே சில்லில் அமைந்த போன்களில் இதே செய்திகள் கியூஆர்டிஆர் என்ற சாக்கெட் வழியே போகும். ஒரு முறை கற்றால் இரண்டு இடத்திலும் உதவும் என்பதாலேயே என் ஓட்டு இதற்கு.

ஆனால் இதன் முழு ஆவணம் பொதுவில் இல்லை. வெளிவந்த மூல நிரல்களிலிருந்தும் பைட்டுகளை உற்றுப் பார்த்தும் சமூகம் சேர்த்த அறிவுதான் லிப்கியூஎம்ஐ நூலகம். அதில் ஒவ்வொரு செய்தியும் ஜேசன் கோப்பில் விவரிக்கப்பட்டிருக்கும். சி நிரல் அதிலிருந்து தானாக உருவாகும். புதிய புலம் ஒன்றைக் கண்டுபிடித்தால் சில வரிகளில் சேர்த்துவிடலாம், அதுவரை இருட்டில் தடவவேண்டியதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு நிரலும் மோடத்திடம் ஒரு அடையாள எண் வாங்கியே பேச வேண்டும். நிரல் அதைத் திருப்பித் தராமல் செத்தால் எண் மோடத்திலேயே தங்கிவிடும். சோதனைக்காக நிரலை ஓயாமல் கொன்று எழுப்புபவர்களுக்கு இது சீக்கிரமே புரியும். பல நிரல்கள் ஒரே மோடத்தைப் பகிர்ந்துகொள்ள லிப்கியூஎம்ஐ ஒரு இடைத்தரகு நிரல் தருகிறது. அது இல்லாமல் இறங்காதீர்கள்.

எம்பிஐஎம் காகிதத்தில் மிக ஒழுங்கானது. யூஎஸ்பி தரநிலை அமைப்பு 2011-இல் வெளியிட்டது. யாரும் இறக்கிப் படிக்கலாம். விண்டோஸ் 8 இதற்கான இயக்கியைத் தன்னுடனேயே கொண்டுவந்ததால் மடிக்கணினி மோடம்களில் இது பரவியது. பல ஐபி பாக்கெட்டுகளை ஒரே யூஎஸ்பி பரிமாற்றத்தில் மூட்டை கட்டி அனுப்பும், அறிவிப்புகளையும் தெளிவாகப் பிரித்துத் தரும். எல்லாம் சரி, குரல் அழைப்பு அதன் அடிப்படைச் சேவைகளில் இல்லை. கைபேசிக்கு இது ஒத்துவராது. மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். சில மடிக்கணினி மோடம்கள் ரேடியோவைப் பூட்டிய நிலையிலேயே எழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பூட்டைத் திறக்கும் ஸ்கிரிப்டை, லினக்ஸில் மோடங்களைக் கையாளும் பின்னணிச் சேவையான மோடம்மேனேஜர் இப்போதெல்லாம் தானாக ஓட்டுவதில்லை. பயனரே தெரிந்து இணைத்துவைக்க வேண்டும்.

மோடம்மேனேஜர் பேச்சு வந்துவிட்டது. செயலி எழுதுபவர் இந்த நெறிமுறைகளை நேரடியாகத் தொடவே வேண்டாம். நடுவில் ஒரு பின்னணிச் சேவை, நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியே எல்லாவற்றையும் ஒரே முகமாகக் காட்டும். அங்கும் போட்டி உண்டு: ஓஃபோனோவா, மோடம்மேனேஜரா? ஓஃபோனோ 2009-இல் இன்டெலும் நோக்கியாவும் அறிவித்த திட்டம், பிறப்பிலேயே கைபேசிக்காரன். அழைப்பைக் காத்திருக்க வைப்பது, மாநாட்டு அழைப்பு, சிம் அட்டையின் மெனு எல்லாம் ஆரம்பத்திலேயே யோசித்து வைத்தவை. செயில்ஃபிஷ், உபுண்டு டச் ஆகிய கைபேசி இயங்குதளங்கள் இதன் மேல்தான் நிற்கின்றன, அவரவர் திருத்திய பிரதிகளோடு. மோடம்மேனேஜர் டேட்டா டாங்கிள் உலகத்திலிருந்து வந்தது. குரல் பிற்பாடுதான் முழுமையாயிற்று. முன்பெல்லாம் சீரியல் போர்ட் எதைக் கண்டாலும் மோடமோ என்று தட்டிப் பார்க்கும்; மின்னணுப் பலகை வைத்து விளையாடுபவர்கள் அதைத் திட்டாத நாளில்லை. அந்த வழக்கம் இப்போது வெகுவாக அடங்கிவிட்டது.

தூங்கி எழும் போனில் மோடம் யூஎஸ்பியிலிருந்து மறைந்து மீண்டும் தோன்றலாம். மோடம்மேனேஜர் அதைப் புதிய மோடமாகவே பார்த்து, 0 என்று எண்ணிட்டிருந்த டி-பஸ் பொருளை 1 ஆக்கிவிடும். செயலி பழைய பாதையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அழைப்பு வந்தும் மணி அடிக்காது. ஓஃபோனோ மோடத்தை இயக்குவதையும் வலையமைப்பில் ஏற்றுவதையும் செயலியிடமே விட்டுவிடுகிறது: கட்டுப்பாடு நம் கையில், வேலையும் நம் தலையில். கைபேசித் திரைச்சூழல்களில் பிளாஸ்மா மொபைல் ஓஃபோனோவிலிருந்து மோடம்மேனேஜருக்கு மாறியது, ஃபாஷ் தொடக்கம் முதலே அங்கேதான். பராமரிப்பவர்கள் எங்கே கூடியிருக்கிறார்கள் என்பதும் ஒரு தொழில்நுட்பக் காரணம்தான். சிம் மெனு கட்டாயம் வேண்டும் என்றால் ஒழிய, இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு மோடம்மேனேஜரையும் கியூஎம்ஐயையும் சேர்த்தே சொல்வேன்.

அப்படி எடுத்தாலும் ஏடி போர்ட்டை மூடிவிட முடியாது. பைன்ஃபோன் என்ற லினக்ஸ் கைபேசியில் இருக்கும் குவெக்டெல் ஈஜி25-ஜி மோடத்தில் யூஎஸ்பி பக்கம் கியூஎம்ஐயா எம்பிஐஎம்மா என்று மாற்றுவதே ஒரு ஏடி கட்டளைதான்: 0 என்றால் கியூஎம்ஐ, 2 என்றால் எம்பிஐஎம். எல்டிஇ வழிக் குரல் அழைப்புக்கு ஆபரேட்டருக்குரிய அமைப்புக் கோப்பைத் தேர்ந்தெடுப்பதும் ஏடி வழியேதான். 2ஜியும் 3ஜியும் அணைந்துபோன வலையமைப்பில் அந்தக் கோப்பு பொருந்தாவிட்டால், மேலே எந்தச் சேவை ஓடினாலும் அழைப்பு போகாது.