ஜிடிபி காட்டும் ஆர்கியூமென்ட் மதிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

சி மொழியில் எழுதப்பட்ட சர்வர் நிரல்கள் திடீரென்று நின்றுபோகும்போது மிஞ்சும் கோர் கோப்புகளை (அந்த நேரத்து நினைவகத்தின் நகல்) ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து காரணம் தேடுவது பல ஆண்டுகளாக என் வேலை. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் பேக்டிரேஸில் ஃபங்ஷன்களின் பெயர்களைவிட, அடைப்புக்குறிக்குள் வரும் ஆர்கியூமென்ட் மதிப்புகளையே, அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்கப்பட்ட உள்ளீடுகளையே, முதலில் பார்ப்பேன். எல்லாம் ஒரே தோற்றத்தில் அச்சானாலும், சில மதிப்புகள் நினைவகத்திலிருந்து நேராகப் படிக்கப்பட்டவை, சில பல படிகள் கடந்து கணக்கிட்டு மீட்கப்பட்டவை. எது எந்த வகை என்று தெரியாமல் இந்தக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்து.

32 பிட் இன்டெல் காலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. வழக்கமான சி அழைப்பு முறையில் ஆர்கியூமென்டுகள் அனைத்தும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி வழியாகவே சென்றன. ஈபிபி ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சேமிப்பிடம்) ஃபிரேமை, அதாவது ஸ்டாக்கில் ஒரு அழைப்புக்கான பகுதியை, சுட்டிக்கொண்டிருந்தால், அதிலிருந்து 8 பைட் தள்ளி முதலாவது ஆர்கியூமென்ட் இருக்கும். எத்தனை ஆர்கியூமென்டுகள் என்பதைக்கூட டீபக் தகவல் (பிழைதேடலுக்காக கம்பைலர் எழுதிவைக்கும் குறிப்புகள்) இல்லாமல் ஊகிக்க முடிந்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் கர்னலின் பிழைதேடும் கருவியான டிடிபி, அழைப்பு முடிந்து திரும்பும் முகவரியில் உள்ள கட்டளையைப் படித்து, அது ஸ்டாக்கின் உச்சியைச் சுட்டும் ஈஎஸ்பியுடன் 8ஐக் கூட்டுவதாக இருந்தால், ஒன்றுக்கு 4 பைட் வீதம் இரண்டு ஆர்கியூமென்டுகள் என்று முடிவு செய்யும். ஸ்டாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அழைக்கும் ஃபங்ஷனின் பொறுப்பு என்பதால் பலித்த குறுக்குவழி அது. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட.

64 பிட் லினக்ஸில் முழு எண்களும் பாயின்டர்களுமான முதல் ஆறு ஆர்கியூமென்டுகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 ஆகிய ரெஜிஸ்டர்களில் வருகின்றன. இவற்றில் எதையும் அழைக்கப்பட்ட ஃபங்ஷன் பாதுகாத்துத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகச் செய்யப்படும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் ஜிசிசி கம்பைலர் அவற்றை ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே ஸ்டாக்கில் எழுதிவிடும். ஒற்றை இன்ட் ஆர்கியூமென்ட் பெரும்பாலும் ஆர்பிபிக்கு (ஈபிபியின் 64 பிட் வடிவம்) 20 பைட் கீழே போய் உட்காரும், டுவார்ஃப் என்ற வடிவில் உள்ள டீபக் தகவலில் அதே இடம், ஆர்பிபிக்கு 16 பைட் மேலே உள்ள ஃபிரேம் அடித்தளத்திலிருந்து மைனஸ் 36 என்று பதிவாகும். ஜிடிபி தன் பிரேக்பாயின்டை (நிரலை நிறுத்தும் இடத்தை) இந்தத் தொடக்கக் கட்டளைகளுக்குப் பின்னால் வைப்பதற்குக் காரணமும் இதுதான். நட்சத்திரக் குறியிட்டு ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே நிறுத்தினால், இன்னும் எழுதப்படாத அந்த இடத்தைப் படித்துக் குப்பை மதிப்பைச் சற்றும் தயங்காமல் காட்டும்.

ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் கதையே வேறு. ஒரு ஆர்கியூமென்ட் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிவரை எங்கே இருக்கிறது என்ற பட்டியலை கம்பைலர் எழுதிவைக்கிறது. அது ஆர்பிஎக்ஸ் போன்ற பாதுகாக்கப்படும் ரெஜிஸ்டரில் இருந்தால், ஜிடிபி உள்ளே உள்ள, அதாவது பின்னர் அழைக்கப்பட்ட, ஃபிரேம்களின் மீட்புக் குறிப்புகளைப் படித்து, அந்த ரெஜிஸ்டர் ஸ்டாக்கில் எங்கே சேமிக்கப்பட்டது என்று கண்டுபிடித்து எடுத்துத் தருகிறது. எங்கேயும் இல்லாவிட்டால், அழைத்த இடத்தில் என்ன மதிப்பு கொடுக்கப்பட்டது என்ற தகவலைத் தேடுகிறது. 2012இல் ஜிசிசி 4.7 கொண்டுவந்த இந்த வசதி 2017இல் டுவார்ஃப் 5 தரத்திலும் இடம்பெற்றது. பெயருடன் '@என்ட்ரி' என்று சேர்ந்து வரும் மதிப்பு ஃபங்ஷனுக்குள் நுழைந்தபோது இருந்தது மட்டுமே. இடையில் நிரல் அதை மாற்றியிருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விவாதித்துப் பொழுதை வீணாக்கிய கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

எதுவும் கிடைக்காதபோது வரும் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்ற பதிலைப் பலர் சபிக்கிறார்கள். எனக்கு அது ஜிடிபியின் நேர்மையாகவே படுகிறது. நேர்மை தவறும் இடம் வேறு: அழைத்த ஃபங்ஷனின் மேல் ஃபிரேமுக்குச் சென்று ஆர்டிஐயின் மதிப்பைக் கேட்டால், அது அழிந்துவிட்டது என்று சொல்லாமல், பெரும்பாலும் கடைசியாக அழைக்கப்பட்ட ஃபிரேமில் உள்ள மதிப்பையே எடுத்து நீட்டும். புதியவர்கள் அதை முதல் ஆர்கியூமென்ட் என்று நம்பிவிடுவார்கள்.

டீபக் தகவல் நீக்கப்பட்ட ஒரு லைப்ரரி எங்கள் ஃபங்ஷனை அழைத்து, உள்ளே ஒரு நினைவகப் பிழை நேர்ந்த வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் ஆர்கியூமென்டான பஃபர் நீளம் கிடைக்கவில்லை. லைப்ரரியின் ஃபிரேமுக்கு ஏறி, அழைப்புக்கு முந்தைய கட்டளைகளை டிஸ்அசெம்பிள் செய்தபோது, ஆர்13இலிருந்து ஆர்எஸ்ஐக்கு நகலெடுக்கும் வரி தென்பட்டது. ஆர்13 பாதுகாக்கப்படும் ரெஜிஸ்டர். அது சேமிக்கப்பட்ட இடத்தை உள்ளே உள்ள ஃபிரேம்களின் மீட்புக் குறிப்புகள் (டீபக் தகவலை நீக்கினாலும் கோப்பில் எஞ்சும் ஈஎச் ஃபிரேம் பகுதியில் இருப்பவை) சொல்லும் என்பதால், அந்த ஃபிரேமில் ஆர்13ஐ அச்சிட்டதும் நீளம் கிடைத்தது, அதுவும் எதிர்மறை எண்ணாக.

இல்லுமோஸ் இயங்குதளத்தினர் தங்கள் ஜிசிசி கிளையில், ரெஜிஸ்டரில் வந்த ஆர்கியூமென்டுகளை ஃபங்ஷன் தொடக்கத்திலேயே ஸ்டாக்கில் எழுதவைக்கும் விருப்பம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அவர்களின் பிழைதேடும் கருவியான எம்டிபி அதைப் படித்துக் காட்டுகிறது. சில கூடுதல் கட்டளைகள்தான் விலை. லினக்ஸ் பக்கம், ஃபெடோரா 38உம் உபுண்டு 24.04உம் ஃபிரேம் பாயின்டரை (ஃபிரேமைச் சுட்டும் ரெஜிஸ்டர்) இயல்பாகவே இயக்கியதும், ஆர்கியூமென்டுகளும் திரும்பக் கிடைக்கும் என்று சில நண்பர்கள் மகிழ்ந்தார்கள். யார் யாரை அழைத்தார் என்ற சங்கிலி அதனால் எளிதாகக் கிடைக்கும். ஆனால் 64 பிட்டில் ஆர்கியூமென்டுகளுக்கு இன்றும் டுவார்ஃப் தகவலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதனால் ஓ2 நிலையிலேயே டீபக் தகவலுடன் கட்டி, அந்தத் தகவலைத் தனிக் கோப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பத்திரப்படுத்தி வருகிறேன்.