நிலாவெளி எண்டு அடிச்சா நிலாவெளி எண்டே வருது: உவர்மலைப் பக்கத்து கீபோட் கடை பற்றி

பாமினி எண்ட பழைய தமிழ் போன்டில வருசக்கணக்கா அடிச்சுப் பழகின ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். எல்லாக் கொம்பியூட்டரும் ஒரே மாதிரி வாசிக்கிற யூனிகோடுக்கு மாறோணும் மாறோணும் எண்டு எல்லாரும் சொல்லுகினம், ஆனா மாறினா கை தடுமாறுது, வேலை பாதி வேகத்துக்கு வந்திடுது, கடைசியில பழையபடி பாமினியிலயே அடிச்சு, யூனிகோடா மாத்திற கன்வேர்ட்டரில போட்டு எடுத்து, அதில வாற பிழையைத் தேடித் தேடித் திருத்துறதுதான் மிச்சம். நான் செய்யிறது கல்வெட்டு (காலமான ஆக்களின்ட நினைவுப் புத்தகம்), மரண அறிவித்தல், கல்யாணக் காட், கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட மலர். எல்லாத்திலயும் ஊர்ப்பேரும் ஆக்களின்ட பேரும் வரும், அதில ஒரு எழுத்துப் பிழைச்சாலும் சனம் சும்மா விடாது, விடவும் கூடாது.

திருகோணமலையில, உவர்மலைக்கு ஏறுற பக்கம் ஒரு சின்னக் கடை இருக்கு. பார்வைக்கு போட்டோகொப்பி, லமினேட்டிங், பிரின்ட் எடுக்கிற கடைதான். ஆனா அதில இருக்கிற தம்பி உங்கட கைப்பழக்கத்துக்கு ஏத்தமாதிரி தமிழ் கீபோட் எழுதி, உங்கட கொம்பியூட்டரில போட்டுத் தாறார். பேர் போட வேண்டாமெண்டு கேட்டவர், அதால போடேல்ல. திருமலையில விசாரிச்சா சொல்லுவினம்.

போன உடன அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நீங்கள் கொம்பை முதல்ல அடிப்பீங்களா, எழுத்தை முதல்ல அடிப்பீங்களா?" இதைக் கேட்டதிலேயே எனக்கு நம்பிக்கை வந்திட்டுது, ஏனெண்டா முழுப் பிரச்சினையும் அதுக்குள்ளதான் இருக்கு. பாமினி எண்டது ஒரு போன்ட் மட்டும்தான். நாங்கள் 'கொ' அடிக்கேக்க என், எஃப், எச் எண்ட மூண்டு கீயை அமத்துறம், ஃபைலுக்குள்ள போறதும் அந்த மூண்டு இங்கிலீஷ் எழுத்துத்தான், போன்ட் அதுக்கு மேல கொம்பு, க, அரவு (ா) எண்டு படம் கீறிக் காட்டுது. யூனிகோடில அப்பிடியில்லை, க முதல்ல, அதுக்குப் பிறகுதான் உயிர்க்குறி, கொம்பு கண்ணுக்கு இடப்பக்கம் தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள க-வுக்குப் பின்னாலதான் நிக்கோணும். அப்ப எங்கட கை அடிக்கிற வரிசையை யாரோ நடுவில நிண்டு பார்த்து மாத்திக் குடுக்கோணும். ஒரு கீக்கு ஒரு எழுத்து எண்டு மட்டும் போட்டிருக்கிற லேஅவுட்டால அது ஏலாது.

ஏலாதெண்டதை அவர் அடிச்சே காட்டினவர். அப்பிடியொரு லேஅவுட்டைப் போட்டிட்டு 'குச்சவெளி' அடியுங்கோ எண்டார். பாமினிக் கையால கு, ச், ச எண்டு அடிச்சு வந்து வெ-க்காகக் கொம்பை அமத்தினன், கொம்பு போய் முன்னுக்கு நிண்ட ச-வில ஒட்டிக்கொண்டுது. வந்து நிண்டது 'குச்செவளி'. நிலாவெளி அடிச்சா கொம்பு தனிய ஒரு புள்ளிவட்டத்தோட நடுவில நிக்குது. எங்கட மாவட்டத்தில நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி, வெருகல், சேருவில, தோப்பூர் எண்டு கொம்பில்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்கோணும்.

அவர் பாவிக்கிறது கீமேன் எண்ட சொஃப்ட்வெயார். 1993 இல லாவோ மொழிக்காகத் தொடங்கினது, இப்ப மொழியளுக்காக வேலை செய்யிற எஸ்.ஐ.எல். அமைப்பு இலவசமாக் குடுக்குது, விண்டோஸ், மக், லினக்ஸ், போன் எல்லாத்திலயும் வேலை செய்யும். அதில நல்ல விஷயம் என்னெண்டா விதியை நாங்களே எழுதலாம். ஸ்கிரீனில திறந்து காட்டினவர்: ஒரு பக்கம் 'முன்னுக்கு கொம்பு நிக்குது, இப்ப ஒரு மெய்யெழுத்துக் கீ அமத்துப்பட்டது', நடுவில அம்புக்குறி மாதிரி ஒண்டு, மற்றப்பக்கம் 'எழுத்து, பிறகு கொம்பு'. எழுத்து எல்லாத்தையும் மேல ஒரு வரிசையா ஒருக்கா எழுதி வைச்சாச் சரி, க-வுக்கொண்டு ங-வுக்கொண்டு எண்டு தனித்தனி விதி தேவையில்லை.

ஆனா இது மட்டும் போதாதாம். 'கெடு' அடிக்கிறதெண்டு வையுங்கோ. கொம்பும் க-வும் அடிச்சாச்சு, வரிசை மாறி 'கெ' ஆயிட்டுது. இப்ப அடுத்த எழுத்து ட வருது, கீமேன் திரும்பிப் பார்த்தா முன்னுக்கு இன்னும் கொம்புதான் நிக்குது! திரும்பவும் மாத்தி 'கடெ' எண்டு ஆக்கிப்போடும். அதால எழுத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிற கொம்புக்குப் பக்கத்தில மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளத்தை வைக்கிறார், எழுத்து வந்த உடன அது அழிஞ்சிடும், ஃபைலுக்குள்ளயும் போகாது. அடையாளம் இருந்தாத்தான் மாத்தும், இல்லாட்டி விட்டிடும். இவ்வளவு நுணுக்கமா யோசிச்சு ஒருத்தர் எங்கட ஊரில இருந்து செய்யிறார் எண்டது எனக்குச் சரியான சந்தோசம்.

அடுத்தது ள பிரச்சினை, நான் போனதே முக்கியமா இதுக்குத்தான். பாமினியில 'ள'வும் 'கௌ'வில பின்னுக்கு வாற குறியும் ஒரே கீ, ஒரே படம். கெளிறு மீனுக்கும் கௌரிக்கும் முதல் மூண்டு கீ ஒண்டுதான். கன்வேர்ட்டர் பாவம் என்ன செய்யும், கொம்பு, எழுத்து, ள எண்டு கண்ட இடமெல்லாம் ஔகாரமா எடுத்திடும். அதாலதான் நெட்டில 'வௌியீடு', 'வௌிநாடு', 'நிலாவௌி' எல்லாம் கிடக்குது. சில போன்டில பார்க்க சரியாத்தான் தெரியும், ஆனா உள்ளுக்குள்ள ள எண்ட எழுத்தே இல்லை, வ-வுக்கு மேல ஔகாரக் குறியும் இகரக் குறியும் ரெண்டும் ஏறி நிக்குது. நிலாவெளி எண்டு தேடினா அந்தப் பக்கம் வராது. கண் தெரியாத ஆக்கள் ஸ்கிரீன் வாசிக்கிற சொஃப்ட்வெயாரால கேட்டா என்ன சத்தம் வருமெண்டு யோசிச்சுப் பாருங்கோ.

தம்பி இதுக்குச் செய்த வழி வடிவான வழி. ள அடிச்ச உடன ள-வாகவே வைச்சிருக்கிறார். அடுத்த கீ விசிறியோ (ி) அரவோ குற்றோ (மேல வைக்கிற புள்ளி) வந்தா அது ள-தான், சந்தேகமில்லை, வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் அப்பிடியே நிக்கும். அடுத்தது இன்னொரு எழுத்து வந்தா முன்னால நிண்டதை ஔகாரமா மாத்திடும், மௌலவி, பௌர்ணமி, கௌரவம், வௌவால் எல்லாம் தானா வருது. கையில ஒண்டும் மாறேல்ல, அடிக்கிறது பாமினி மாதிரியே. பிழைக்கிறது ஒரே இடத்தில, பேச்சுத்தமிழில 'வெளக்கு', 'வெளங்குது' எண்டு நாடக வசனம் அடிக்கேக்க அதையும் ஔகாரமா ஆக்கிடும். அதுக்கு வலப்பக்க ஓல்ட் (Alt) கீயோட ள அமத்தினா ள-வாகவே இருக்க விட்டிருக்கிறார். நாடகம் எழுதுற ஆக்கள் கவனிக்கோணும்.

கொ, கோ விஷயத்தையும் சொல்லோணும். யூனிகோடில 'கொ'வுக்கு ஒகரக்குறி ஒரு தனிக்குறியா இருக்கு, கொம்பும் அரவுமா ரெண்டாப் பிரிச்சு வைக்கவும் ஏலும், பார்வைக்கு வித்தியாசமே இல்லை. தேடேக்க சில சொஃப்ட்வெயார் ரெண்டையும் ஒண்டா எடுக்கும், சிலது எடுக்காது, கோணேஸ்வரம் ஒரு பட்டியலில ரெண்டு தரம் வந்து நிக்கும். இவரின்ட கீபோட்டில அரவு வந்த உடன ரெண்டையும் சேர்த்து ஒரே குறியா ஆக்குது. பேக்ஸ்பேஸுக்கும் விதி போட்டிருக்கிறார், 'கொ'வில ஒருக்கா அமத்தினா அரவு மட்டும் போய் 'கெ' நிக்கும், பாமினிக் கை அதைத்தான் எதிர்பார்க்கும்.

குறையும் இருக்கு. என்னட்ட இருக்கிற ஒரு பழைய டிசைன் சொஃப்ட்வெயாரில மவுஸால சொல்லுக்கு நடுவில கிளிக் பண்ணிட்டு அரவு மட்டும் சேர்த்தா சேராது, ஏனெண்டா முன்னுக்கு என்ன எழுத்து நிக்குதெண்டு அந்த சொஃப்ட்வெயார் கீமேனுக்குச் சொல்லாது. எழுத்தையே அழிச்சு முழுசா அடிக்கோணும். அதைவிட எரிச்சல் ஒரு ஒன்லைன் ஃபோர்ம், ஒவ்வொரு கீ அமத்தேக்கயும் அது உடன பெட்டியைச் சரிபார்க்கும், கொம்பு தனிய நிக்கிற அந்த நேரத்தில 'பிழையான எழுத்து' எண்டு சிவப்பில காட்டி கொம்பை அழிச்சுப் போடும். இது கீபோட்டின்ட பிழையில்லை. எழுத்து கூடி முடியும்வரைக்கும் பொறுக்கோணும் எண்டு ஃபோர்ம் செய்த ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்.

தமிழ்99 கீபோட் பழகலாமே எண்டு கேப்பீங்கள். புதுசாப் பழகிற பிள்ளையளுக்கு நானும் அதைத்தான் சொல்லுவன், 1999 இல தமிழ்நாட்டு அரசு ஏற்ற அந்த அமைப்பில எழுத்து முதல் உயிர் பிறகு, ள குழப்பமே வராது, ஒரே மெய் ரெண்டு தரம் அடிச்சா முதலாவதுக்கு குற்றுத் தானா விழும். ஆனா ஐம்பது வயசு தாண்டின டைப்செட்டரிட்டப் போய் கையை மாத்து எண்டு சொல்லுறது சரியில்லை, அவையிட வேகம்தான் அவையிட சாப்பாடு.

காசு ரெண்டாயிரம் எடுத்தவர், பிறகு விதி திருத்தப் போனதுக்கு எடுக்கேல்ல. பின்னேரம்தான் ஆள் ஆறுதலா இருப்பார், காலமை ஸ்கூல் பிள்ளையளின்ட பிரின்ட்டோட நிண்டுகொண்டிருப்பார். போகேக்க நீங்கள் கனக்க அடிக்கிற சொல்லுகளை, முக்கியமா பேர், ஊர்ப்பேர் எல்லாம் ஒரு தாளில எழுதிக்கொண்டு போங்கோ, அவர் அதை ஒவ்வொண்டா உங்களைக்கொண்டே அடிப்பிச்சுப் பார்த்திட்டுத்தான் விடுவார். போனுக்கும் இதே கீபோட்டைச் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறன், செய்து தாறன் எண்டவர்.