பாலையாவின் மூச்சை விட்டுவைத்த ரெக்கார்டு கடை

பழைய எல்.பி. ரெக்கார்டையும் கேசட்டையும் பென்டிரைவில் ஏற்றித் தர சென்னையில் நம்பிக்கையான இடம் எது என்று தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது கடை. கீழே போர்டில் வாட்ச் ரிப்பேர் என்று மட்டும்தான் இருக்கும், தயங்காமல் ஏறுங்கள். படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போவது நல்லது.

நான் கொண்டுபோனது எங்க நைனாவின் சேகரிப்பு. அயனாவரத்தில் மைக் செட் வைத்திருந்தார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது காலையில் எல்.ஆர். ஈஸ்வரி, உச்சி வெயிலில் கதை வசனம். திருவிளையாடல் ரெக்கார்டு சுற்ற ஆரம்பித்தால் தெருவே தருமிக்காகக் காத்திருக்கும். நைனா காத்திருந்தது ஹேமநாத பாகவதருக்கு. அந்த வேடத்தில் நடித்த டி.எஸ். பாலையா என்றால் அவருக்கு உயிர். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. எனவே இந்தக் கடைக்காரரின் வேலையை நான் பார்த்தது ஒரே ஒரு கணக்கில்தான்: பாலையா பாலையாவாகவே வந்திருக்கிறாரா?

அவர் நடிப்பில் பாதி தொண்டையில் இருக்கிறது. 1914-இல் தூத்துக்குடிப் பக்கம் சுண்டங்கோட்டையில் பிறந்தவர். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த சதி லீலாவதிதான் அவருக்கு முதல் படம். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே முதல் படம். அதில் பாலையா வில்லன். பிறகு வேலைக்காரியில் (1949) கே.ஆர். ராமசாமிக்கு யோசனை சொல்லும் நண்பன் மணி, தூக்குத்தூக்கியில் (1954) சேட்டு, மதுரை வீரனில் (1956) நரசப்பன். நண்பன் பேசும்போது நம்பத் தோன்றும், நரசப்பன் பேசும்போது எழுந்து போய் அறையத் தோன்றும். இரண்டும் ஒரே ஆளின் குரல். வசனத்துக்கு முன்னால் ஒரு இழுப்பு, வார்த்தைக்கு நடுவில் ஒரு செருமல், முடிந்த பிறகு மூக்கால் விடும் ஒரு மூச்சு. ஆள் மாறுவது அங்கேதான்.

இந்த மூச்சுக்குத்தான் கம்ப்யூட்டர் எமன். இரைச்சல் நீக்கும் மென்பொருள், பேச்சு இல்லாத ஓர் இடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொண்டு, மொத்தப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கும். மூச்சுக் காற்றின் சத்தமும் டேப்பின் 'ஸ்ஸ்' சத்தமும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்று. அழுத்திச் சுத்தம் செய்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது வசனம் மட்டும்.

கடைக்கார பாய் இதை நான் சொல்வதற்கு முன்பே சொன்னார். "சார், ரெண்டு ஃபைல் தர்றேன். ஒண்ணு கை வைக்காதது, ஒண்ணு சுத்தம் பண்ணது. வீட்டுல போய்க் கேளுங்க." இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எல்லோருக்கும் சொல்லலாம்.

வேலையும் அப்படித்தான் பொறுமையாக நடக்கிறது. முதலில் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய பிரஷ்ஷால் ரெக்கார்டைக் கழுவிக் காயவைக்கிறார். முள்ளை மாற்றிப் பார்க்கிறார். என்னுடையவை இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ ரெக்கார்டுகள் என்பதால் இடது வலது இரண்டு சானலையும் ஒன்றாகச் சேர்த்தார். பள்ளத்தில் முள் மேலும் கீழுமாக ஆடுவதால் வரும் இரைச்சல் அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும், பேச்சுக்கு ஒரு சேதமும் இல்லை. அதற்குப் பிறகுதான் மென்பொருள்.

ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபையில் பேசும் இடத்தைக் கை வைக்காத ஃபைலில் கேட்டேன். சொல்லுக்குச் சொல் செருக்கு ஏறுகிறது. அந்தச் செருக்கு இறங்குவதற்குள் ஒரு நாள் போதுமா ஆரம்பிக்கிறது. பாட்டு பாலமுரளிகிருஷ்ணா, மாண்டில் தொடங்கித் தோடி, தர்பார் என்று ராகம் ராகமாகப் போகிறது. பேசியவர் வேறு, பாடுபவர் வேறு என்று கண்ணை மூடிக் கேட்டாலும் தோன்றவில்லை. தையல் தெரியாத ஒட்டு அது. சுத்தம் செய்த ஃபைலிலோ பேச்சு வேறாகவும் பாட்டு வேறாகவும் நிற்கின்றன.

இதைவிடப் பெரிய சோதனை கேசட். வானொலியில் காதலிக்க நேரமில்லை ஒலிச்சித்திரம் போட்டபோது நைனா டேப்பில் பிடித்தது. நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பாலையாவுக்கு வசனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. படத்தில் முகம் இருக்கிறது, கேசட்டில் அதுவும் இல்லை. பயத்தில் தொண்டைக்குள் எழும் சின்னச் சின்னச் சத்தங்கள்தான் அங்கே பாலையா. சுத்தம் செய்த ஃபைலில் நாகேஷ் காலி அறையில் தனியாகப் பேசுகிறார். இன்னொன்றில் எதிரில் உட்கார்ந்து ஒருவர் நடுங்குவது கேட்கிறது. எங்க வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டோம். தேய்ந்த கேசட்டிலிருந்து இவ்வளவு வந்ததற்குக் காரணம், பாய் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வை அந்த டேப்புக்கு ஏற்றபடி திருகித் திருகிச் சரிசெய்ததுதான். அதைச் செய்யாமல் ஓட்டினால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிடும்.

தில்லானா மோகனாம்பாள் கேசட்டில் ஒரு பக்கம் பூஞ்சை. பாலையா, தவில்காரர் முத்துராக்குவாகப் பேசும் இடங்கள் பல போய்விட்டன. இதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. பூஞ்சை பிடித்ததைக் கொண்டுபோவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதற்கென்று தனி மெஷினில் ஓட்டுகிறார்.

குறைகள் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, ஒரு வாரம் தள்ளிப்போனது. ஃபைல்களுக்குப் பெயர் வைக்காமல் 'சைடு 1', 'சைடு 2' என்றே கொடுத்தார், எல்லாவற்றையும் நானே கேட்டுப் பெயர் மாற்றினேன். ரெக்கார்டு அட்டைகளையும் ஸ்கேன் செய்து கொடுத்தால் நன்றாக இருக்கும். அதில் நடிகர்கள் பெயர் வரிசை இருக்கிறது. பாலையா மாதிரி ஆட்களின் பெயர் தேடிக் கிடைப்பது அங்கேதான்.

பாலையா 1972-இல் போய்விட்டார், 57 வயது. அவர் குரல் இருக்கும் கேசட் உங்கள் பரணில் கிடந்தால் இன்னொரு மழைக்காலம் தாங்குமா என்று பார்க்காதீர்கள், இப்போதே எடுத்துப் போங்கள். எம்.பி.3 மட்டும் போதும் என்று சொல்லாமல் ஒலியைச் சுருக்காத டபிள்யூ.ஏ.வி. ஃபைலும் கேட்டு வாங்குங்கள். பென்டிரைவ் நாமே கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல்தான் கடை திறக்கும்.