1,450 டாலருக்குப் பழைய இரும்பு: எம்1 கராண்ட் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நடந்தது. இன்று மாலைதான் விற்றவரிடமிருந்து கடைசி மெயில் வந்தது. அதைப் படித்த சூட்டோடு எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,450 டாலர் போனது. நம்மூர்க் கணக்கில் ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையாது. பழைய செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். துப்பாக்கிகளை ஏலம் விடும் ஓர் இணையதளம். அதில் "பழைய ராணுவத் துப்பாக்கிகளில் நிபுணர்" என்று போட்டுக்கொண்டிருக்கும், வேறு மாநிலத்து விற்பனையாளர். இவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் இருப்பது ஒஹையோவில், கொலம்பஸ் பக்கம். ஹெச்1பி விசாவில் இருந்த காலத்தில் துப்பாக்கி வாங்கும் யோசனையே இல்லை, அந்த விசாவில் பொதுவாக அனுமதியும் கிடையாது. குடியுரிமை வந்த பிறகு அலுவலக நண்பர் ஒருவர் தன் கிளப்புக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரியவர் தன்னுடைய எம்1 கராண்டைக் கையில் கொடுத்து எட்டு ரவுண்டு சுடச் சொன்னார். எட்டாவது முடிந்ததும், தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்த உலோக க்ளிப் காலியாகி 'டிங்' என்று எகிறி வெளியே விழுந்தது. அந்தச் சத்தத்தில் விழுந்தவன்தான் நான்.

தெரியாதவர்களுக்காக: ஜான் கராண்ட் என்பவர் மாசசூசெட்ஸில் இருந்த அரசுத் தொழிற்சாலையான ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியில் வடிவமைத்தது இது. 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1950களின் பிற்பகுதி வரை 50 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குண்டு போகும். வெடிப்பின் வாயுவே ஆப்-ராட் என்ற நீண்ட கம்பியைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கேஸை (தோட்டாவின் பித்தளை உறை) வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். உலகப் போரில் மற்ற நாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்க சிப்பாய்களிடம் இது இருந்தது. அமெரிக்கத் தளபதி ஜெனரல் பாட்டன் இதை வானளாவப் புகழ்ந்திருக்கிறார்.

நம்ம ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. கோடையில் தேசியப் போட்டிகளோடு அங்கே கராண்டுக்கென்றே ஒரு போட்டி நடக்கும். அதில் ஒரு தடவையாவது சுட வேண்டும் என்று ஆசை. அவசரமும் அங்கேதான் ஆரம்பித்தது.

நியாயமாக நான் சி.எம்.பி-யில் வாங்கியிருக்க வேண்டும். ராணுவத்தின் பழைய கராண்டுகளை, சோதித்து, தரம் பிரித்து, குடிமக்களுக்கு விற்கும் அமைப்பு அது. ஆனால் குடியுரிமைச் சான்று, கிளப் உறுப்பினர் சான்று, சுட்டுப் பழகியதற்கான சான்று எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். போட்டிக்கு மூன்று மாதம்தான் இருந்தது. இணையதளத்தைத் திறந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். மூன்று வாரம் படித்தேன். "புது ஏ.ஆர். (இந்தக் காலத்து ரைபிள் வகை) வாங்கு, உதிரி எல்லா இடத்திலும் கிடைக்கும், எண்பது வயசுத் துப்பாக்கியை நம்பாதே" என்றுதான் நண்பர் சொன்னார். அதனால் நம்பகத்தன்மை பற்றி ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தேன். பேரல் (குழல்) எவ்வளவு தேய்ந்திருக்கிறது? ஆப்-ராட் வளைந்திருக்கிறதா? (கடையில் கிடைக்கும் வேட்டைத் தோட்டாக்கள் சில இதற்கு அதிகம். வாயு அழுத்தம் கூடினால் கம்பி வளைந்துவிடும்.) ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா? இந்தப் பட்டியலோடுதான் அந்த விற்பனையாளருக்கு ஃபோன் செய்தேன்.

மனிதர் பொறுமையாக நாற்பது நிமிடம் பேசினார். பேரல் முனையின் அளவு 2, உள்வாய் அளவு 3 என்றார். எண் குறையக் குறையப் புதிது மாதிரி, அதனால் எனக்கு வாயெல்லாம் பல். ஆப்-ராட் பற்றிக் கேட்டதும், "வீடியோவே அனுப்புகிறேன்" என்றார். அன்று மாலையே வந்தது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, துப்பாக்கியை முன்னும் பின்னும் சாய்க்கிறார், ஆப்-ராட் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போய் வருகிறது. எங்கும் உரசல் இல்லை. கராண்ட்காரர்கள் எல்லோரும் செய்யச் சொல்லும் சோதனைதான் அது. கேட்பதற்கு முன்னால் செய்து காட்டுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

அப்புறம் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். கொரியாவில் இதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தாராம். "எங்கிருந்து வந்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். மதுரை என்றேன். "எங்கள் நாட்டின் வரலாற்றை உங்களைப் போன்றவர்கள் இப்படி மதிப்பது நெகிழ்ச்சியாக இருக்கிறது" என்றார். சொன்னால் வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடம் இங்கே இருக்கிறேன், அந்த மாதிரி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அந்த நொடியில் என் பட்டியலை மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றாதீர்கள். பழைய வால்நட் மரம், ஒருமுறை கழற்றினாலே விரிசல் விடும், மதிப்புப் போய்விடும்." இரண்டு, "கார்டில் கொடுத்தால் 3 சதவீதம் கூடுதல். வங்கியில் கேஷியர் செக் எடுத்து அனுப்பிவிடுங்களேன்." 43 டாலர் மிச்சம் என்று செக் அனுப்பினேன். கார்டில் கொடுத்திருந்தால் இன்று கார்டு கம்பெனியிடம் முறையிட்டிருக்கலாம். 43 டாலரை மிச்சம் பிடித்து 1,450 டாலரை விட்டவன் நான்.

"பழைய இரும்புக்கா 1,450 டாலர்? எங்க ஊருல இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவாங்க" என்றாள் மனைவி. சிரித்தேன்.

ஆன்லைனில் வேறு மாநிலத்திலிருந்து வாங்கும் துப்பாக்கி நேரே வீட்டுக்கு வராது. நம் ஊரில் லைசென்ஸ் உள்ள ஒரு கடைக்கு வரும். அங்கே போய் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, அப்புறம் கையில் வாங்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மூன்று நாளில் திருப்பலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பெயர் மாறிவிட்டால் திருப்ப முடியாது. ஆக, அந்த மூன்று நாள் என்பது கடைக் கவுன்டரில் நிற்கும் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணியில் நான் என்ன பார்த்தேன்? மரத்தின் பளபளப்பு. பேரலுக்குள் டார்ச் அடித்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் இணையதளத்தில் அவருக்கு ஐந்து நட்சத்திரம் வேறு கொடுத்தேன். ஒரு ரவுண்டுகூடச் சுடாமல்!

ரேஞ்சில் முதல் க்ளிப்பில் நான்கு ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில் போல்ட் முழுதாக மூடவில்லை. தட்டி மூடிச் சுட்டேன். அதைச் செய்திருக்கவே கூடாது. சத்தம் வேறு மாதிரி கேட்டது, கன்னத்தில் சூடான காற்று அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ரேஞ்ச் அதிகாரி ஓடி வந்து நிறுத்தச் சொன்னார். வெளியே விழுந்த பித்தளைக் கேஸின் அடிப்பக்கம் சுற்றிலும் வெளிறிய கோடு, ஒரு இடத்தில் கீறலே விட்டிருந்தது.

துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்துப் பார்த்தார். போல்ட் மூடிய பிறகு தோட்டா உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளப்பதற்கு மூன்று கேஜ் உண்டு. மூன்றாவதான 'ஃபீல்ட்' கேஜில் போல்ட் மூடவே கூடாது, மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது. என்னுடையதில் வெண்ணெயில் கத்தி மாதிரி மூடியது. அவர் எதுவும் பேசாமல் கட்டையைக் கழற்றினார். மூன்று நொடி. விரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை. ரிசீவரை (பேரலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடல்) திருப்பி, நடுவில் விரலால் ஒரு கோட்டைக் காட்டினார். சாம்பல் பூச்சு அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறி, சொறிசொறியாக இருந்தது. வெல்டிங்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ராணுவம் கழித்துக்கட்டிய கராண்டுகளின் ரிசீவரை நெருப்பு டார்ச்சால் இரண்டாக வெட்டி, பழைய இரும்பாக விற்றது. அதை வாங்கிய சிலர், ஒரு துப்பாக்கியின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டவைத்து, பூச்சு பூசி விற்றார்கள். 'ரீவெல்ட்' என்று பெயர். அவற்றில் ஒழுங்காகச் சுடுபவையும் உண்டாம். ஆனால் அளவு ஒரு நூலிழை தப்பினாலும் போல்ட் பூட்டும் இடம் மாறிவிடும். என்னுடையதில் பின்னால் இருக்கும் சீரியல் எண் 1943-ஐச் சொல்கிறது. ஆப்-ராட்டைப் பின்னால் இழுத்தால் ரிசீவரின் வலது முன்காலில் ஒரு வரைபட எண் (எந்த வடிவமைப்பு வரைபடப்படி செய்தது என்ற எண்) தெரியும். அது 1950களில் செய்தவற்றில் வரும் எண். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு பிறந்த தேதி! விற்றவர் அனுப்பிய பதினெட்டுப் படங்களில் ஒன்றில்கூட ஆப்-ராட் பின்னால் இழுத்திருக்கவில்லை. பேரல் மட்டும் உண்மையிலேயே நல்லது, யாரோ புதிதாக மாட்டியிருக்கிறார்கள். நான் தேய்மானத்தைத் துருவித் துருவிக் கேட்டேன், பிறப்பைக் கேட்கவில்லை.

மனைவி சொன்னது சரிதான். பேரீச்சம்பழத்துக்குப் போட்டதைத்தான் 1,450 டாலருக்கு வாங்கியிருக்கிறேன்.

இப்போது விற்றவரின் பதில்களைக் கேளுங்கள். முதல் மெயிலுக்கு: "வேறு கம்பெனித் தோட்டா போட்டுப் பாருங்கள்." வெடித்த கேஸின் படத்தை அனுப்பியும் இதே பதில். வெல்டிங் படத்தை அனுப்பினேன். "அது ராணுவமே செய்த ரிப்பேர். ஏழாவது ரவுண்டு சிக்கும் குறைக்காக வெல்டிங் வைத்தார்கள், வரலாற்றைப் படியுங்கள்." படித்தேன், ஐயா. அந்தக் குறை போருக்கு முந்தைய ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் இருந்தது. வெல்டிங் வைத்ததும் தோட்டாவை வழிநடத்தும் ஒரு சின்ன விளிம்பில்தான். 1943-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ரிசீவரின் குறுக்கே ஓடும் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படி எழுதியதும் நான்கு நாள் மௌனம். ஃபோன் செய்தால் ஒரு பையன் எடுத்து, "முதலாளி கன் ஷோவுக்குப் போயிருக்கிறார்" என்கிறான். நான்கு நாளும் கன் ஷோவாம். நாற்பது நிமிடம் அப்பா கதை சொன்னவருக்கு இப்போது நான்கு நிமிடம் இல்லை.

ஏலத் தளமோ, "இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம், நீங்கள் ஏற்கெனவே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள்" என்று கைகழுவிவிட்டது.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கராண்டில் அந்த ஸ்பிரிங்கை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கட்டையைக் கழற்றியாக வேண்டும். வேறு வழி கிடையாது. என்னிடம் "கழற்றாதீர்கள், விரிசல் விடும்" என்றவர், தானே கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, மறுபடி மாட்டித்தான் அந்த வீடியோவை எடுத்திருக்கிறார். அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தெரியாமல் விற்றுவிட்டார் என்று எனக்குள் வைத்திருந்த கடைசிச் சமாதானமும் போயிற்று. இதை எழுதிக் கேட்டதற்குத்தான் இன்று மாலை பதில்: "பெயர் மாறிய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை. நல்லெண்ணத்தின் பேரில் 75 டாலர் தருகிறோம். சுடாமல் சுவரில் மாட்டி வைத்தால் அழகாக இருக்கும்." 1,450 டாலருக்கு 75!

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், அதற்கு இப்போது மனசு இல்லை. முக்கியமானது மட்டும். பணம் அனுப்புமுன் இரண்டு படம் கேளுங்கள்: ஆப்-ராட்டைப் பின்னால் இழுத்து வரைபட எண் தெரியும் படம், கட்டையைக் கழற்றி ரிசீவரின் அடிப்பக்கம் தெரியும் படம். தயங்கினால் ஃபோனை வையுங்கள். கார்டில் கொடுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கடைக்காரரையே கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், ஹெட்ஸ்பேஸ் கேஜ் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட் மூடாவிட்டால் என்னைப் போலத் தட்டிச் சுடாதீர்கள். சுடுமுன் நட்சத்திரம் கொடுக்காதீர்கள். முடிந்தால் சி.எம்.பி-யில் காத்திருந்து வாங்குங்கள், அடுத்த வருடமும் போட்டி நடக்கும்.

நாளை காலை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் போகிறது. அந்த வீடியோவையும் சேர்த்து அனுப்புகிறேன். இந்த மாதிரிப் புகார் கொடுத்துப் பணம் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.